தெப்ராவ் தோட்டங்களில் கோழியும் நிழலும்

சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பதும் ஒரு பெயர். யானையை எதிர்த்துப் போரிட்டு வென்ற கோழியொன்றைக் கண்ட இடத்தில் எழுந்த நகரம் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பது பழங்கதை. முருகப் பெருமானின் கொடியில் இருப்பதும் கோழியே. இங்ஙனம் நகரின் பெயராகவும் கடவுளின் கொடியாகவும் உயர்ந்த பறவை, மலாயா மண்ணுக்குப் பால்மரம் வெட்ட வந்த தமிழரின் வாழ்வில் லயத்தின் பின்புறத்தில், அடுப்படிச் சுவரை ஒட்டி, பலகைக் கூண்டொன்றில் அடங்கியிருந்தது. தோட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரப்பர் விலையையும், கங்காணியின் தலைக்காசையும், துரைமாரின் பங்களாவையும் எழுதுவர். பின்கட்டுக் கூண்டின் பக்கம் திரும்புவோர் சிலரே. ஆனால் தோட்டத்துப் பெண்டிர் கையில் தம்முடையது எனச் சொல்லத்தக்க செல்வம் பெரும்பாலும் அக்கூண்டில்தான் இருந்தது.

அச்செல்வத்துக்குப் பகையாக வந்தவை மூன்று: மலைப்பாம்பும் மூசாங்கும் ஒன்று, கழிச்சல் நோய் மற்றொன்று, வெயில் மூன்றாவது. முதலிரண்டையும் எல்லாரும் அறிவர். வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆண்டு முழுதும் ஒரே வெப்பமுள்ள நாட்டில் கோடை ஏது?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணத் தெப்ராவின் நில வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிக் காணல் வேண்டும்.

தெப்ராவ் என்பது ஆற்றங்கரையில் கரும்பு போல் உயர்ந்து வளரும் ஒருவகை நாணற்புல்லின் மலாய்ப் பெயர். அப்புல்லின் பெயர் ஆற்றுக்காயிற்று; ஜொகூரையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் நீரிணையும் மலாய் மொழியில் தெப்ராவ் நீரிணை என்றே வழங்குகின்றது. 1844ஆம் ஆண்டையொட்டித் தெமெங்கோங் இப்ராகிமின் ஒப்புதலுடன் டான் கீ சூன் என்னும் சீனத் தலைவர் இவ்வாற்றங்கரையில் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம். அவர்கள் பயிரிட்டவை மிளகும் காம்பியரும். காம்பியர் இலையைக் கொதிக்க வைத்துப் பசையெடுக்க விறகு ஓயாது வேண்டும். ஆகவே தோட்டம் பரவிய வழியெல்லாம் காடு அடுப்புக்கு இரையாயிற்று. மண் சோர்ந்த பின் அந்நிலம் லாலாங் புல்லுக்கு விடப்பட்டது. தெப்ராவின் நிழல் முதன்முதலாகக் குறைந்தது அப்பொழுதே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909இல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை முடிந்தது. 1917இல் பழைய கங்சூ முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1924இல் நீரிணைப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. இவ்விருபது ஆண்டுகளுக்குள் மவுண்ட் ஆஸ்டின் முதலிய தோட்டங்கள் இவ்வட்டாரத்தை வரிசை வரிசையாகப் பால்மரத்தால் மூடின. அம்மரங்களின் கீழ் வேலை செய்ய நாகப்பட்டினத்துக் கப்பல்களில் வந்தோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டத்தார். வந்தவர் கையில் மூட்டை சிறிது. ஆயினும் கோழி வளர்க்கும் அறிவு உடன் வந்தது. அதற்கு மூட்டை தேவையில்லை அன்றோ?

ஆனால் அவர்கள் கொண்டுவந்த அறிவு வறண்ட நாட்டின் அறிவு. சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசி வரை எரிக்கும் அக்கினி நட்சத்திர வெயிலை அறிந்தவர் அவர்கள். அங்கே கூண்டின் மேல் ஈரக் கோணியைப் போடுவர். தரையில் நீர் தெளிப்பர். காற்று உலர்ந்தது ஆதலின் நீர் விரைந்து ஆவியாகி வெப்பத்தை வாங்கிச் செல்லும். தெப்ராவிலோ பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். எண்ணை மட்டும் பார்த்தால் சேலத்துக் கோடைக்கு இது இளவேனில். ஆனால் இங்குக் காற்றில் ஈரம் நிறைந்துள்ளது. இந்த வேறுபாடு மனிதனுக்கு வியர்வைத் தொல்லை. கோழிக்கு உயிர்ப் பிரச்சினை.

ஏன் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாக விளக்கலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 பாகை அளவினது. வெப்பம் மிகும்போது அது செய்யத்தக்கவை சிலவே. இறக்கையை உடலினின்று விலக்கித் தொங்கவிடும். கொண்டைக்கும் தாடைத் தொங்கலுக்கும் இரத்தத்தை மிகுதியாக அனுப்பும். குளிர்ந்த மண்ணைக் கீறி அதில் வயிற்றைப் பதித்துக் கிடக்கும். இவை போதாவிடின் அலகைத் திறந்து இளைக்கத் தொடங்கும். இளைப்பினால் தொண்டையின் ஈரம் ஆவியாகி உடல் தணியும். சூழ்ந்த காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் ஆவியாவது எங்ஙனம்? எனவேதான் வறண்ட ஊரில் 36 பாகையைத் தாங்கும் கோழி, காற்று அசையாத தெப்ராவ் நண்பகலில் அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே தள்ளாடுகின்றது. உடல் வெப்பம் 46, 47 பாகையை எட்டினால் அது பிழைப்பதரிது. இளைப்பினால் மற்றொரு தீங்கும் உண்டு. இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணப்பொருள் சரிவர அமையாது. வெயிற்காலத்து முட்டை தொட்டால் உடைகின்றது என்று தோட்டத்துப் பாட்டிமார் சொன்னதற்கு இதுவே காரணம்.

ஆகவே, ஈரக் கோணி இங்கு முழுத் துணையாகாது. காற்றில்லாத கூண்டில் அது ஈரத்தை மேலும் கூட்டவும் கூடும். இந்நாட்டில் கோழிக்கு வேண்டியவை நிழலும் காற்றும். தாயகத்து அறிவைத் தமிழர் ஈண்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதை எவரும் நூலாக எழுதவில்லை. கூண்டு வைக்கும் இடத்தைத் தேர்ந்த முறையில் அத்திருத்தத்தைக் காண்கிறோம்.

கோழியின் மூதாதையைப் பற்றி ஒரு சொல் இங்கே பொருத்தமாகும். இன்றைய வீட்டுக்கோழி தென்கிழக்காசியக் காட்டுச் சிவப்புக் கோழியின் வழி வந்தது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் அகழ்வாய்வுத் தளத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அவை ஏறத்தாழ கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. நெல்லும் தினையும் விளைந்த வயலோரத்துக்கு மணி பொறுக்க வந்த காட்டுக்கோழி மெல்ல மெல்ல மனிதனோடு தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளர் கருத்து. அக்காட்டுக்கோழி ஜொகூரின் காட்டோரங்களிலும் வாழ்வது. அது புதர்க்காட்டின் அடியில், இலைக்குப்பையைக் கிளறி, நிழல் விட்டு நிழலுக்கு ஓடும் பறவை. வெப்பநாட்டுப் பறவையே ஆயினும் வெயிலுக்குப் பிறந்த பறவை அன்று. இதை மறந்து, "இது நாட்டுக்கோழிதானே, எதையும் தாங்கும்" என்று திறந்த வெளியில் கட்டிப்போடுவோர் பறவையின் குலத்தையே மறந்தவராவர்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பால்மரக் காடு முழுதும் நிழல்தானே, கோழிக்கு என்ன குறை எனத் தோன்றலாம். இங்கேதான் இயற்கையின் சூழ்ச்சி ஒன்று உளது. பால்மரம் ஆண்டுக்கொருமுறை இலையுதிர்க்கும் மரம். இலையுதிர்வு பெரும்பாலும் வறட்சியை ஒட்டி, பிப்ரவரி தொடங்கி ஏப்ரலுக்குள் நிகழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்து, வெயில் உச்சத்துக்கு ஏறும் அதே கிழமைகளில் தோட்டம் மொட்டையாக நிற்கும். நிழல் மிகவும் வேண்டப்படும் காலத்தில் நிழல் இல்லை. இத்துடன் முடியவில்லை. இலையுதிர்ந்து தளிர்க்கும் அக்காலத்தில் பாலும் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். ஆண்டின் ஏனைய காலத்தில் உபரியாக இருந்த முட்டையும் சேவலும் அத்திங்களில் குடும்பத்தின் கைப்பொருளாக மாறும். சிறிய கணக்குத்தான், ஆனால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சிலேட்டுக்கும் மருந்துக்கும் அக்கணக்கிலிருந்தே காசு வந்தது. வெயிலில் ஒரு பெட்டை சாவது அத்தகைய வேளையில் சிறிய இழப்பன்று.

தோட்டத்துப் பெண்டிர் இதற்குக் கண்ட வழி பால்மரத்தை நம்பாமையே. லயத்தின் பின்புறம் அவர்கள் நட்ட மரங்களை எண்ணிப் பாருங்கள்: முருங்கை, மா, பலா, வாழை, கொய்யா, கறிவேப்பிலை. முருங்கை இலையும் வாழைப்பூவும் கறிக்கென்று நட்டவைதாம். எனினும் கூண்டு எப்பொழுதும் அவற்றின் அடியிலேயே இருந்தது. மாவும் பலாவும் வறட்சியில் முழுதும் இலையுதிர்ப்பவை அல்ல. வாழையடியின் மண் எப்பொழுதும் ஈரம் சுரந்து குளிர்ந்திருக்கும். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வாழையடிக்கே ஓடும். அம்மண்ணைக் கீறிக் கோழிகள் நண்பகலைக் கழிக்கும். இது திட்டமிட்ட ஏற்பாடா, தானாக அமைந்ததா என்று வினவின், இரண்டும் கலந்தது என்பதே பொருத்தமான விடை.

இவ்விடத்தில் சட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறி பயிரிடவோ கால்நடை மேயவோ அளிக்கவேண்டும் என விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம்; ஆயினும் தோட்டத்துக்குத் தோட்டம் பின்கட்டு நிலம் என்னும் வழக்கம் இங்கும் வேரூன்றியது. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்பது சிறு துண்டு. ஆனால் ஒரு மாமரமும் நான்கு வாழையும் பத்துக் கோழியும் அடங்கும் துண்டு.

தோட்ட வேலையின் நேரமும் கோழிக்கு இசைவாய் அமைந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லுமுன்னரே கூண்டு திறக்கப்படும். பழஞ்சோறும் நொய்யும் தேங்காய்ச் சக்கையும் இரையாக இடப்படும். அதன்பின் மாலை வரை எவரும் இரை இடார், வீட்டில் ஆளில்லை. மாலையில் மறுபடியும் ஒரு பிடி. இன்று கால்நடை மருத்துவர் கூறும் அறிவுரையும் இதுவே. உண்ட இரை செரிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் நண்பகல் வெயிலோடு சேர்தல் ஆகாது. ஆதலின் அதிகாலையிலும் மாலையிலும் தீனி இட்டு, நடுப்பகலில் நிறுத்துதல் நன்று என்பர். அறிவியல் பிறகு கண்டதைப் பால்வெட்டு நேரம் முன்னரே வகுத்துவிட்டது! தண்ணீரோ நேர்மாறானது, அது எப்பொழுதும் இருத்தல் வேண்டும். வெயிலில் கோழி வழக்கத்தினும் இருமடங்கு நீர் அருந்தும், வெந்நீரானால் தொடாது. உடைந்து ஒதுக்கப்பட்ட பால் மங்குகள் இதற்குப் பயன்பட்டன. பளபளப்புப் பூசிய அம்மண் மங்கு நிழலில் இருந்தால் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். தகரக் குவளை அங்ஙனம் செய்யாது.

தகரத்தைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். தொடக்கத்தில் லயங்களின் கூரை அத்தாப்பு. பல லயங்கள் தரையினின்று கால் ஊன்றி உயர்த்திக் கட்டப்பட்டவை. அவற்றின் அடியில் நாளெல்லாம் காற்றும் நிழலும் உண்டு. கோழிக்கு அதைவிட நல்ல இடம் அரசரும் கட்டித்தரார். பின்னர்த் தரையோடு ஒட்டிய வீடுகள் வந்தன, கூரை தகரமாயிற்று. தீப்பிடிக்காது, ஒழுகாது, நெடுநாள் உழைக்கும். மனிதருக்கு அது முன்னேற்றமே. மிச்சத் தகரம் கோழிக்கூண்டின் மேலும் ஏறியது. அங்கேதான் தவறு நேர்ந்தது. வெயிலில் காய்ந்த தகரம் அடியிலுள்ள தாழ்ந்த கூண்டை அடுப்பாக்கிவிடும். பட்டறிந்தோர் தகரத்தின் மேல் தென்னங்கீற்றையோ லாலாங் கட்டையோ பரப்பினர். பரப்பாதோர் பங்குனி மாதத்தில் பாடம் கற்றனர்.

மற்றொரு சிக்கல் இரவுக்குரியது. மூசாங்கும் மலைப்பாம்பும் நுழையாதிருக்க நான்கு பக்கமும் பலகையால் இறுக அடைத்த கூண்டு வேண்டும். காற்று நுழைய வேண்டுமானால் அடைக்கலாகாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே தோட்டத்துக் கூண்டு அமைப்பு நெடுங்காலம் ஊசலாடியது. சிலர் கோழிகளை மரக்கிளையிலேயே அடையவிட்டனர். குளிர்ச்சி உண்டு, காவல் இல்லை. பலகைக்கு மாறாகக் கம்பிவலை கைக்கெட்டிய விலைக்கு வந்த பிறகே பூசல் தீர்ந்தது. சிறு துளைக் கம்பிவலையை முன்னும் பின்னும் அடித்து, கூண்டைத் தரையினின்று ஓரடி உயர்த்தியவுடன் பாம்பும் புகாது, காற்றும் நில்லாது. பெரிய கண்டுபிடிப்புகளின் பட்டியலில் கோழிவலை இடம்பெறாது போயினும், தோட்டத்துப் பெண்டிர் அதனை அப்பட்டியலில் சேர்த்திருப்பர்.

வெப்பத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில், மலேசியர் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாட்டுக்கோழியை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக் கழிச்சல், தமிழகத்தில் ராணிக்கேட் நோய் என்றும் உலகில் நியூகாசில் நோய் என்றும் வழங்குவது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அதற்குத் தடுப்பு மருந்து இருந்தும் தோட்டத்துக் கூண்டை எட்டவில்லை. காரணம் வெப்பமே. மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து கூண்டு வரை குளிர்ப்பெட்டியிலேயே வரவேண்டும். வழியில் சூடேறினால் வீண். அன்றியும் ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரிய மருந்து. எட்டுக் கோழி வைத்திருப்பவர் அதை என் செய்வார்? 1980களின் நடுவில், மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்துல் லத்திப் இப்ராகிம், அய்னி இட்ரிஸ் ஆகியோரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் இணைந்து, ஆஸ்திரேலியக் கோழியிடம் கண்டெடுத்த வி-4 என்னும் தீங்கற்ற நச்சுயிரியின் வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, தீனியோடு கலந்தே கொடுக்கத்தக்க தடுப்பு மருந்தாக்கினர். ஊசி வேண்டா, கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டா. இவ்வழியில் நடந்த ஆய்வு பின்னர் ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களின் கோழிகளுக்குப் பயன்பட்டது. அப்பல்கலைக்கழகம் 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது; அய்னி இட்ரிஸ் பிற்காலத்தில் அதன் துணைவேந்தராகவும் விளங்கினார். கோழியை வெயில் தாக்கும் என்பது பழஞ்செய்தி. கோழியின் மருந்தையும் வெயில் தாக்கும் என்பதைச் சிந்தித்துத் தீர்வு கண்டது இந்நாட்டு அறிஞர் பணி.

இனி, அண்மைக் காலத்தின் கடுங்கோடைகளைக் காண்போம். 1983 ஏப்ரல் 17ஆம் நாள், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் தெங்காவில் 37.0 பாகை வெப்பம் பதிவாயிற்று. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிசின் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை இந்நாட்டின் உச்ச அளவு. 2014இல் சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி 8 வரை சிங்கப்பூரில் 27 நாள் வறட்சி நிலவியது. 2016இல் ஏப்ரல் வெயிலின் கடுமையால் பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் ஐந்தில் ஒரு பங்களவுக்கு வற்றியது. 2023 மே 13ஆம் நாள் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் மறுபடியும் 37.0 பாகை.

தெங்காவின் 37 பாகையும் அங் மோ கியோவின் 37 பாகையும் எண்ணால் ஒன்றே. இடையில் நாற்பது ஆண்டுகள். அவ்விடைவெளியில் மாறியது நீரிணையின் வடகரை. 1983இல் தெப்ராவைச் சூழ்ந்த நிலத்தில் பால்மரமும் செம்பனையும் இன்னும் பரந்து கிடந்தன. லயங்களின் பின்கட்டில் மாவும் வாழையும் நின்றன. பின்னர் வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் கைமாறின. மவுண்ட் ஆஸ்டின் என்னும் தோட்டப்பெயர் இன்று உணவுக்கடைகளுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்போன நகர்ப்பகுதியின் பெயர். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல மலிவுவிலை அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் சென்றன. மின்சாரமும் குழாய்நீரும் பள்ளியும் அருகில் வந்தன. அவற்றைப் பழித்தல் நன்றியன்று. ஆனால் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு உடன் வரவில்லை. மூன்றாம் மாடியில் கோழிக்கு இடமேது? வரிசை வீட்டின் பின்கட்டோ சிமெண்டுத் தளம். கீற முடியாத தரை. சுவரின் வெப்பம் இரவு வெகுநேரம் வரை தணியாது. கோழிக்கு நள்ளிரவில்தான் மூச்சு திரும்பும். விடிந்தால் மறுபடியும் வெயில்.

இதனால் தோட்டத்துப் பெண்டிர் இழந்தது முட்டை மட்டுமன்று. எவரிடமும் கேளாமல் தம் கையாலேயே விற்று வாங்கத்தக்க ஒரு சிறு வருவாயையும் இழந்தனர். 2022 மே 23ஆம் நாள், உள்நாட்டுத் தட்டுப்பாட்டின் காரணமாக, சூன் முதல் மாதம் 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதி நிறுத்தப்படும் என்று அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி அறிவித்தபோது, நீரிணையின் இருகரைகளிலும் கோழி விலையே பேச்சாயிற்று. சூன் நடுவில் முதலில் தளர்த்தப்பட்டது நாட்டுக்கோழிக்கும் கருங்கோழிக்கும் உரிய தடையே. பண்ணையில் ஐந்தாறு வாரங்களில் பெருத்து வளரும் வெள்ளைக்கோழி, மூடிய கொட்டகையும் ஓயாத விசிறியும் இல்லையெனில் இந்நாட்டு நண்பகலைத் தாங்குவதரிது. அதன் பெருவுடலே அதற்குச் சுமை. நாட்டுக்கோழியின் மெலிந்த உடலும் நீண்ட காலும் அழகுக்குறைவு அல்ல. வெப்பத்தை வெளிவிடும் வாய்ப்பு. இந்தியாவின் இசத்நகரிலுள்ள நடுவண் பறவை ஆராய்ச்சி நிலையம், கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழியைக் கலந்து ஹித்காரி என்னும் புறக்கடை இனத்தை உருவாக்கியதும் இவ்வுண்மையை அறிந்தே. இறகு குறைந்த கழுத்தின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறும்.

தெப்ராவ் வட்டாரத்தில் இன்றும் கோழி வளர்ப்போர் இல்லாமல் இல்லை. கம்பத்து ஓரங்களிலும், இன்னும் கட்டடம் எழாத நிலத்துண்டுகளிலும், பழைய தோட்டத்தின் எஞ்சிய மூலைகளிலும் சேவலின் கூவல் கேட்கின்றது. அங்கெல்லாம் கூண்டு நிற்கும் இடத்தைப் பார்த்தாலே வளர்ப்பவர் தோட்டத்தில் பிறந்தவரா அல்லரா என்று சொல்லிவிடலாம். தோட்டத்தில் பிறந்தவர் முதலில் முருங்கைக் கொம்பை ஊன்றுவார். கொம்பு தழைத்துக் குடைவிரிக்கும் வரை கூண்டின் தகரத்தின் மேல் தென்னங்கீற்று கிடக்கும். அதன் நிழலில், பழைய பால் மங்கு ஒன்றில், காலையில் ஊற்றிய தண்ணீர்.